அத்தையின் ஐந்து இதயங்கள்

எங்கள் வீட்டில் எந்த மூடியையும் இறுக்கி மூடுவதில்லை. காபித்தூள் டப்பா, சர்க்கரை டப்பா, ஷாம்பு பாட்டில் எல்லாவற்றிலும் மூடி சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். விவரம் தெரியாத விருந்தாளி மூடியைப் பிடித்துத் தூக்குவார். மூடி கையோடு வரும், டப்பா தரையோடு போகும். அத்தை உள்ளே இருந்தபடியே சத்தத்தை வைத்துக் கண்டுபிடிப்பார்.

"சர்க்கரைதானே? துடைப்பம் கதவுக்குப் பின்னாடி இருக்கு."

அத்தை என் மனைவியின் அம்மா. வயது ஐம்பத்தெட்டு. இருபது வருடமாக முடக்குவாதம். காலையில் எழுந்தால் ஒன்றரை மணி நேரம் விரல்கள் அசையாது. என் மனைவிக்கும் அதே நோய், பத்தொன்பது வயதில் வந்தது. முப்பத்தொன்றில் இறந்தாள். மூட்டால் அல்ல, நெஞ்சால். கடைசி மூன்று வாரம் இடது தோள் வலிக்கிறது என்றாள். மூட்டு வலிதானே என்று தைலம் தேய்த்தேன். தினம் இரண்டு வேளை. மூன்று குப்பி காலியானது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை.

அது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. நான் அத்தை வீட்டிலேயே இருந்துவிட்டேன். ஒரு நாள் அத்தை சொன்னார்: "மாப்ள, இங்க சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறதை அங்க வந்து உட்காருங்க. அங்கயும் சுவர் இருக்கு."

'அங்க' என்றது அத்தையின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. ஒரு கார். கீழே கார் நிறுத்த இடம், மாடியில் பாடம் நடத்த ஒரு அறை, நடுவில் பதினெட்டுப் படி. காரில் அத்தை உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்பவர் பிரேக்கை மறந்தால் அத்தை மிதிப்பார். விரல்கள் மடங்காததால் ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்துத் திருத்த அவரால் முடியாது. அதற்கு ஒரு மரக்கரண்டி வைத்திருக்கிறார். டேஷ்போர்டில் ஒரு தட்டு தட்டினால் இடது. இரண்டு தட்டினால் வலது. மூன்று தட்டினால் கற்பவர் கண்ணை மூடிக்கொள்ளலாம், மீதியை அத்தை பார்த்துக்கொள்வார்.

நான் மாடியில் சாலை விதிகள் நடத்துகிறேன். புள்ளியியலில் முதுகலைப் பட்டம். கார் ஓட்டத் தெரியாது. இது மாணவர்களுக்குத் தெரியாது.

அந்த மாத இறுதியில் அத்தையின் உடல்தகுதிச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. அது இல்லாமல் பயிற்சி கொடுக்க முடியாது. வழக்கமாக மூட்டு டாக்டர் கையெழுத்துப் போடுவார். இந்த முறை பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"இதய டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. அப்புறம் போடுறேன்."

"எனக்கு நோய் கையில டாக்டர். நெஞ்சுல இல்ல."

"நோய் ரத்தத்துல இருக்கும்மா. கையில தெரியுது, அவ்வளவுதான். மூட்டைப் புண்ணாக்குற அதே அழற்சி ரத்தக்குழாயையும் விட்டு வைக்காது. முடக்குவாதம் இருக்கிறவங்களுக்கு இதய நோய் வர்ற வாய்ப்பு மத்தவங்களை விட அதிகம். கொழுப்பு கம்மியா இருக்குன்னு ரிப்போர்ட் சொன்னாலும் நம்பி உட்கார்ந்திடக் கூடாது."

அத்தை சிறிது யோசித்தார். "அதாவது ஆயில் கெட்டுப் போச்சு. கியர்ல சத்தம் வருது. என்ஜினையும் பாருன்னு சொல்றீங்க."

"அதேதான்!" டாக்டருக்கு ஒரே மகிழ்ச்சி.

"ஓடிட்டிருக்கிற வண்டியோட பானட்டைத் திறக்கக் கூடாதுன்னுதான் நான் சொல்லிக் கொடுக்கிறேன்."

டாக்டரின் மகிழ்ச்சி வடிந்தது. என்னைப் பார்த்தார். என் மனைவியைப் பார்த்த டாக்டரும் அவர்தான்.

"நான் கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

இதய டாக்டர் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். சிரிக்காத முகம். அத்தையிடம் என்ன தொந்தரவு என்று கேட்டார்.

"ஒரு தொந்தரவும் இல்ல. இவர்தான்" என்று என்னைக் காட்டினார் அத்தை.

"படி ஏறினா மூச்சு வாங்குது" என்றேன். "சில சமயம் பேசிட்டிருக்கும்போதே நிறுத்திடுறாங்க. நெஞ்சுல கை வச்சுக்கிறாங்க. வலி மாத்திரையைத் தானாவே கடையில வாங்கிச் சாப்பிடுறாங்க."

அத்தை என்னைப் பார்த்த பார்வை மூன்று தட்டுக்குச் சமம்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. "வந்து வந்து போறதா இருந்தா இந்த அரை நிமிஷத்துல மாட்டாது" என்றார் டாக்டர். "ஒரு நாள் முழுக்கப் பதிவு பண்ணணும்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டெக்னீஷியன் அத்தையின் நெஞ்சில் ஐந்து வில்லைகளை ஒட்டி, ஐந்து ஒயர்களை மாட்டி, அவற்றை ஒரு சின்னப் பெட்டியில் இணைத்து இடுப்பில் கட்டினார். உரிந்தால் ஒட்டிக்கொள்ள உதிரி வில்லைகள் ஒரு பொட்டலம். ஒரு குறிப்பேடு.

"நாளைக்கு ஒன்பது மணி வரைக்கும் கழட்டக் கூடாது, குளிக்கக் கூடாது. அஞ்சு நிமிஷத்துக்கு மேல ஆள் இல்லாம இருந்தா பெட்டி கத்தும். அப்புறம் முதல்ல இருந்து இன்னொரு நாள் போடணும். என்ன வேலை செஞ்சாலும் நேரத்தோட இந்த நோட்டுல எழுதுங்க."

"பரீட்சை மாதிரி" என்றார் அத்தை.

"பரீட்சை இல்லம்மா, வெறும் பதிவு."

"ஒரு நாள் முழுக்கப் பக்கத்துலயே இருந்து பார்ப்பீங்க. கடைசியில கையெழுத்துப் போடலாமா வேண்டாமான்னு சொல்வீங்க. நானும் அதைத்தான் தம்பி பண்ணிட்டிருக்கேன், முப்பது வருஷமா."

பள்ளிக்கு வந்தோம். நான் மாடிக்குப் போனேன். அத்தை காரில் ஏறினார்.

அன்று மூன்று பேருக்குப் பயிற்சி. முதலில் ரொட்டிக்கடைக்காரர். மனிதர் தங்கம், ஆனால் ஒரு தூணைக் கண்டால் விடமாட்டார். அடுத்து கணக்கு வாத்தியார். வளைவு வந்தால் வண்டியை நிறுத்திக் கோணத்தைக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் திரும்புவார். மூன்றாமவரை 'ஏழு' என்போம். ஆறு முறை ஓட்டுநர் தேர்வில் தோற்றவர். ஏழாவதுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார். போன மாதம் வரை அவர் பெயர் 'ஆறு'.

மதியம் இரண்டே முக்காலுக்குத் தண்ணீர் குடிக்கக் கீழே வந்தேன். ஏழு காரிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். அவர் சட்டைக் காலரிலிருந்து ஒரு ஒயர் எட்டிப் பார்த்தது.

"இது என்ன?" என்றேன்.

"டீச்சர் கொடுத்தாங்க சார். ரிவர்ஸ் எடுக்கும்போது எனக்குப் பயம் எப்ப ஆரம்பிக்குதுன்னு இதுல தெரிஞ்சிடுமாம்." சட்டையைத் திறந்து காட்டினார். ஐந்து வில்லைகளும் பார்சல் டேப்பால் ஒட்டப்பட்டிருந்தன. "காலையில வாத்தியார் போட்டிருந்தார். அதுக்கு முன்னாடி ரொட்டிக்கடைக்காரர். மாவுல வில்லை ஒட்டலையாம், டேப் போட்டாங்க."

அத்தை காரின் மறுபக்கத்தில் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தை."

"சொல்லுங்க மாப்ள."

"இது உங்க நெஞ்சுல இருக்க வேண்டியது."

"அரிச்சுது. கழட்டினேன். ஆள் இல்லாம இருந்தா கத்தும்னு அந்தத் தம்பி சொல்லிச்சே. ஆள் இல்லாம ஒரு நிமிஷம்கூட நான் விடலையே!"

"எப்பக் கழட்டினீங்க?"

"போட்டு வந்ததுமே. ஒன்பதே முக்கால் இருக்கும்." கரண்டியால் ஏழைச் சுட்டினார். "ஆனா ஒண்ணு மாப்ள, இது எவ்வளவு நல்ல மெஷின் தெரியுமா? யார் தேர்வுக்குத் தயார், யார் தயாரில்லைன்னு இனிமே நான் ஊகிக்கவே வேண்டாம். நாளைக்கு ரிப்போர்ட் வரட்டும்."

"இப்பவே நீங்க போட்டுக்கணும்."

"அடுத்த வகுப்பு முடியட்டும்."

"அடுத்த வகுப்பு என்னுது. மாடியில."

"அப்ப முடியட்டும்."

நான் மருத்துவமனைக்குப் போன் செய்தேன். காத்திருக்கச் சொல்லிப் புல்லாங்குழல் இசை போட்டார்கள். ஏழு வீட்டுக்குப் போக வேண்டும் என்றார். பெட்டியை அவரோடு அனுப்ப முடியாது. அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மேசையில் வைத்தால் கத்தும். வேறு வழி தெரியவில்லை. சட்டையைத் திறந்து எனக்கே ஒட்டிக்கொண்டேன், போனை யாராவது எடுக்கும் வரைக்கும் என்று.

யாரும் எடுக்கவில்லை. மூன்றரைக்கு வகுப்பு தொடங்கியது. புல்லாங்குழலை மேசையில் வைத்துவிட்டு, வலப்பக்கம் வருபவருக்கு எப்போது வழிவிட வேண்டும் என்று நடத்தினேன். நெஞ்சில் ஒயர் இருப்பதே மறந்துபோனது. எனக்கு இப்போதெல்லாம் பல விஷயங்கள் மறந்துபோகின்றன.

நாலு மணிக்குப் பிறகு அத்தை படியிலிருந்து என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தபோது பதினொன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார். செருப்பு வழுக்கியது என்றார். எங்கள் வீட்டில் யாரும் கையைப் பிடித்துத் தூக்குவதில்லை, விரல்கள் வலிக்கும். முழங்கையைத் தாங்குவோம். அப்படித்தான் தாங்கி மேலே கூட்டிவந்தேன். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டார். என் பாடத்தில் இரண்டு தப்பு கண்டுபிடித்தார்.

ஆறு மணிக்கு மீதி டேப் முழுவதையும் போட்டு அத்தையே வில்லைகளைத் தன் நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும்வரை கதவுக்கு வெளியே நின்றேன். டேப்பைப் பல்லால் கடிக்கும் சத்தம் கேட்டது.

"பார்சல் பண்ணிட்டேன் மாப்ள. ஸ்டாம்ப் ஒட்டுறதுதான் பாக்கி."

மறுநாள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் உண்மையை எழுதிவிட்டேன். எந்த நேரம் யார் நெஞ்சில் இருந்தது என்று ஒரு அட்டவணை. அட்டவணை போடுவதில் எனக்குப் பயிற்சி உண்டு. அத்தை சொன்ன நேரத்தை வைத்துத்தான் போட்டேன்: ஒன்பது முதல் ஒன்பதே முக்கால் வரை அத்தை, பிறகு ரொட்டிக்கடைக்காரர்.

அன்று மதியம் மூன்று மணிக்கே இதய டாக்டர் போன் செய்தார்.

"பதினஞ்சு வருஷப் படிப்பு சார் என்னுது. இந்த மாதிரி ஒரு அட்டவணையை நான் பார்த்ததே இல்லை."

மன்னிப்புக் கேட்டேன்.

"அது இருக்கட்டும். அந்த ரொட்டிக்கடைக்காரர் இப்ப எங்க?"

"கடையில இருப்பார்."

"உடனே கூட்டிட்டு வாங்க. நேத்துக் காலையில பத்து மணி எட்டு நிமிஷத்துக்கு அவருக்கு இதயம் தாளம் தப்பி ஓடியிருக்கு. நாலு நிமிஷம். இதைக் கவனிக்காம விட்டா ரத்தம் கட்டி மூளைக்குப் போகும். அவர்கிட்ட மெதுவா சொல்லுங்க. கூடவே உங்க அத்தையும் வரணும். அவங்ககிட்ட நான் கொஞ்சம் பேசணும்."

அத்தையிடம் சொன்னேன். அத்தை கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைப்பது நின்றது.

"ரொட்டிக்காரருக்கா?"

"பத்து எட்டுக்கு."

"ஓ" என்றார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

ரொட்டிக்கடைக்காரர் முழங்கை வரை மாவோடு வந்தார். ஆட்டோ கிடைக்கவில்லை. அத்தை கார்ச் சாவியை அவரிடம் நீட்டினார்.

"ஓட்டுங்க. பயிற்சி மாதிரியும் ஆச்சு."

நான் அத்தையைத் தனியே இழுத்தேன். "அவருக்கு நெஞ்சு சரியில்லைன்னு சொல்றாங்க. அவரையே ஓட்டச் சொல்றீங்களே?"

"அவர் நெஞ்சுக்கு ஒண்ணுமில்ல மாப்ள."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அத்தை காரில் ஏறினார். எனக்கு ஓட்டத் தெரியாது என்பதை முன்பே சொல்லிவிட்டேன். பின்னால் உட்கார்ந்தேன்.

"டீச்சர், எங்க போறோம்?" என்றார் ரொட்டிக்கடைக்காரர்.

"ஆஸ்பத்திரிக்கு."

"யாருக்கு என்ன?"

மெதுவாகச் சொல்லும்படி டாக்டர் சொல்லியிருந்தார். சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது நான் சொன்னேன். "உங்களுக்கு. இதயம்."

பச்சை விழுந்தது. மீதி வழி முழுவதும் மனிதர் அற்புதமாக ஓட்டினார். இண்டிகேட்டர் போட்டார். கண்ணாடி பார்த்தார். மருத்துவமனை நிறுத்துமிடத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே பின்பக்கமாக ஒரே முயற்சியில் நுழைத்தார். அத்தை ஒரு தட்டுகூடத் தட்டவில்லை. இறங்கியதும் ரொட்டிக்கடைக்காரர் என் மேல் சாய்ந்தார். என் சட்டையெல்லாம் மாவு.

அவரைப் படுக்கவைத்து ஈசிஜி எடுத்தார்கள். சரியாக இருந்தது. "இப்ப சரியா இருக்கும், திரும்ப வரும்" என்றார் டாக்டர். "ராத்திரி இங்கயே இருங்க. ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை ஆரம்பிக்கணும்."

"ராத்திரியா?" ரொட்டிக்கடைக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "மாவு பிசைஞ்சு வச்சுட்டு வந்திருக்கேன் டாக்டர். நாப்பது கிலோ. அது பொங்கி வாசல் வரைக்கும் வந்திடும். நான் போனாலும் மாவு நிக்காது!"

"படுங்க."

அவர் படுத்துக்கொண்டு மனைவிக்குப் போன் செய்தார். திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூவரும் கம்ப்யூட்டரின் முன் உட்கார்ந்தோம். டாக்டர் வரைபடத்தைத் திறந்தார். நீளமாக, பல் பல்லாக ஓடியது.

"இது பதினொண்ணரையில இருந்து. நோட்டுல 'வளைவு' 'வளைவு' 'மறுபடியும் வளைவு'ன்னு எழுதியிருக்கு. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னாடி ஏறுது, அப்புறம் இறங்குது."

"வாத்தியார்" என்றார் அத்தை, தன்னை மறந்து. "பாருங்க, திரும்புறதுக்கு முன்னாடிதான் பயம். திரும்பினப்புறம் ஒண்ணுமில்ல. இவரு பாஸ் ஆயிடுவாரு."

"இது ரெண்டு மணிக்கு. இது இறங்கவே இல்லை. நூத்தி அம்பது. வண்டி எங்க போயிட்டிருந்தது?"

"நின்னுட்டிருந்தது. சாவியே போடல. அது ஏழு."

டாக்டரின் உதடு லேசாகத் துடித்தது. அடக்கிக்கொண்டார். "அவரு பாஸ் ஆவாரா?"

"எட்டுன்னு கூப்பிடப் பழகிட்டிருக்கோம்."

திரைக்கு அந்தப் பக்கம் ரொட்டிக்கடைக்காரரின் குரல் கேட்டது. "அழாதே... இல்ல, கேளு... ஒரு விஷயம் உன்கிட்ட மறைச்சுட்டேன்..."

அத்தை திரும்பிப் பார்த்தார். கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு நெளிந்தார்.

"இது ரெண்டு அம்பதுல இருந்து." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அட்டவணைப்படி நீங்க. அறுபத்திரண்டு. அறுபத்தொண்ணு. அறுபத்திரண்டு. தூங்கிட்டீங்களா?"

"பாடம் நடத்தினேன்."

"உட்கார்ந்தா?"

"நடந்துகிட்டு."

"கேட்டவங்க தூங்கினாங்களா?"

"இருக்கலாம்."

"சரி. நாலு பத்து. இங்க பாருங்க. அறுபத்தொண்ணுல இருந்து நேரா நூத்தி முப்பத்தெட்டு. பதினோரு நிமிஷம் இறங்கவே இல்லை. நோட்டுல ஒண்ணும் எழுதலை. என்ன ஆச்சு?"

நான் வரைபடத்தைப் பார்த்தேன். சமவெளியில் திடீரென்று ஒரு மலை. அதை என்னுடையது என்று என்னால் உடனே நம்ப முடியவில்லை.

"அத்தை படியில உட்கார்ந்தாங்க" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"என்னைக் கூப்பிட்டாங்க. 'மாப்'னு கேட்டுச்சு. மிச்சம் வரலை."

"ஏன் வரலை?"

"செருப்பு வழுக்கிடுச்சுன்னு சொன்னாங்க." அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. "ஆனா செருப்பு ரெண்டும் கீழே கார்கிட்ட இருந்துச்சு. போகும்போது நான்தான் எடுத்து வச்சேன்."

டாக்டர் மெல்ல நாற்காலியை அத்தை பக்கம் திருப்பினார். அத்தை சுவரில் ஒட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்தார். மேலே கீழே எல்லாம் பார்த்தார்.

திரைக்குப் பின்னால்: "...பக்கத்துத் தெருக் கடையில நடந்த ரொட்டிப் போட்டியில நான் ஜெயிச்சேனே, அது நான் சுட்டதில்ல..."

"ஐயோ, அவரை நிறுத்துங்க!" என்று அத்தை எழுந்தார். "போனை வைக்கச் சொல்லுங்க! அது அவருது இல்ல, என்னுது!"

"எது?" என்றார் டாக்டர்.

"பத்து எட்டு. நான் பத்தேகாலுக்குத்தான் கழட்டினேன். ரொட்டிக்காரர் வரலை அப்ப. வண்டியில தனியா உட்கார்ந்திருந்தேன். உள்ளே ஏதோ தாறுமாறா குதிச்சுது. மெஷின் பார்த்துட்டிருக்குன்னு தோணிச்சு. தேர்வு நடக்கும்போது வண்டி திணறினா எப்படி இருக்கும், அப்படி. நின்னதும் கழட்டிட்டேன்."

"நேத்துப் படியிலயும்?"

"அதேதான்."

"முன்னாடியும் வந்திருக்கா?"

அத்தை கணக்குப் பார்த்தார். விரல்கள் மடங்காததால் கரண்டியால் மடியில் தட்டி எண்ணினார். எட்டு தட்டு கேட்டது. நானும் டாக்டரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

திரைச்சீலை படாரென்று விலகியது. ரொட்டிக்கடைக்காரர் நின்றார், நெஞ்சில் வில்லைகளோடு.

"எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"இல்ல" என்றார் டாக்டர்.

"கொஞ்சம்கூடவா?"

"குதிரை மாதிரி இருக்கீங்க."

"டீச்சர்!" அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "பதினெட்டு வருஷமா ஒளிச்சு வச்சிருந்தேன் டீச்சர்! செத்துப் போயிடுவேன்னுதான் சொன்னேன். இப்ப உயிரோட வீட்டுக்குப் போகணுமே!"

"மன்னிச்சிடுங்க" என்றார் அத்தை. சொல்லும்போது உண்மையிலேயே தலையைக் குனிந்தார். நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "நான் வந்து பேசுறேன் உங்க வீட்டுல."

"வேண்டாம் டீச்சர். நீங்க உண்மையைச் சொல்லவே வேண்டாம். ரெண்டு நாள் எனக்கு நோய் இருக்குன்னே இருக்கட்டும்."

மாவு பொங்கும் என்று ஓடினார். பாதி வழியில் திரும்பி வந்து ஒயர்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓடினார்.

டாக்டர் கோபமாகப் பேசுவார் என்று நினைத்தேன். "ஏன் மறைச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"சான்றிதழ்" என்றார் அத்தை. "அந்த சீட்டு போயிட்டா நான் என்ன பண்றது? வீட்டுல உட்கார்ந்து மூடி திறந்த டப்பாவை எண்ணிட்டிருக்கவா? என் கையால ஒரு பாட்டிலைத் திறக்க முடியாது. ஆனா என் காலால ஒரு லாரி முன்னாடி வண்டியை நிறுத்த முடியும். அது ஒண்ணுதான் என்கிட்ட மிச்சம்." கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம், இவர்கிட்ட சொல்லணும். சொன்னா இவர் முகத்தை யாரு பார்க்கிறது?"

டாக்டர் என் முகத்தைப் பார்த்தார். நானும் பார்த்திருப்பேன், கண்ணாடி இருந்தால்.

"வண்டியில இருக்கும்போது அது வந்து மயக்கமாயிட்டா லாரி முன்னாடி யாரும்மா நிறுத்துவாங்க?"

அத்தை கரண்டியைக் கைப்பைக்குள் வைத்தார். நல்ல கேள்வி என்று ஒப்புக்கொள்ளும்போது அவர் பேசமாட்டார்.

"கண்டுபிடிச்சாச்சு. அதனால வழி இருக்கு" என்றார் டாக்டர். "ரத்தம் கட்டாம ஒரு மாத்திரை, தாளத்துக்கு ஒரு மாத்திரை. மூட்டு நோயை இன்னும் நல்லா அடக்கணும். அது அடங்கினா இதயத்துக்கும் நல்லது. உங்க மூட்டு டாக்டரோட நான் பேசுறேன். கடையில வாங்குற வலி மாத்திரை இன்னையோட நின்னுச்சு. ஒரு மாசம் அந்த பிரேக் பக்கம் போகக் கூடாது. அப்புறம் இதே பெட்டியை மறுபடி கட்டுவேன். நல்லா இருந்தா கையெழுத்து."

"முதல் தடவை ஃபெயில்" என்றார் அத்தை என்னிடம்.

"யாருக்கும் சொல்ல வேண்டாம்" என்றேன்.

"ஏழுக்கு மட்டும் சொல்லலாம். சந்தோஷப்படும்."

ஒரு மாதம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்து பிரேக்கைப் பார்த்துக்கொண்டார். அத்தை அவருக்குக் கரண்டியைக் கொடுக்க மறுத்துவிட்டார். வாத்தியார் தேறினார். ரொட்டிக்கடைக்காரரும் தேறினார். அதிகாரி எத்தனை தூண் வைத்தாலும் இனி பயமில்லை, வீட்டில் வாங்கியதைவிடவா என்றார். ஏழு, எட்டு ஆனார்.

அத்தைக்குப் பொழுது போகவில்லை. தினம் மூன்றரைக்கு என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் வாரமே எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்: "மாப்ள, நீங்க எப்ப லைசென்ஸ் எடுக்கப் போறீங்க?" மாணவர்கள் நெடுநேரம் சிரித்தார்கள். இப்போது என்னை 'பூஜ்யம்' என்கிறார்கள்.

மாதம் முடிந்து இரண்டாம் முறை பெட்டி கட்டினார்கள். டெக்னீஷியன் இந்த முறை ஒவ்வொரு வில்லையின் மேலும் அத்தையின் பெயரைப் பேனாவால் எழுதினார். உதிரிப் பொட்டலம் கொடுக்கவில்லை. அத்தை ஒரு நாள் முழுவதும் கழற்றவில்லை. வீட்டில் மணிக்கு ஒரு தரம் என் கதவைத் தட்டி, "இருக்கு மாப்ள, நானே இருக்கேன் இதுல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் டாக்டர் வரைபடத்தை ஓட்டினார். சீராகப் போனது. தாளம் எங்கும் தப்பவில்லை. மூன்றரைக்கு வந்ததும் நிறுத்தினார்.

"இங்க ரொம்ப இறங்கியிருக்கு. அம்பத்தாறு. நாப்பது நிமிஷம்."

குறிப்பேட்டைப் புரட்டினேன். அத்தையின் கோணல் எழுத்து. '3.30 மாப்பிள்ளை பாடம். வழிவிடுதல். நன்றாகத் தூங்கினேன்.'

"நாலு பத்து" என்றார் டாக்டர். "லேசா ஏறி உடனே இறங்குது. இது?"

அடுத்த வரியைப் படித்தேன். '4.10 படி. தண்ணீர் குடிக்க இறங்கி ஏறினேன். பதினெட்டும். மாப்பிள்ளை முழங்கையைப் பிடித்தார். வேண்டாம் என்று சொன்னேன். விடவில்லை.'

"எனக்கு வலிச்சுது" என்றார் அத்தை. "அவ்வளவு இறுக்கிப் பிடிச்சார்."

டாக்டர் பேனாவைத் திறந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைப் பார்த்து, "உங்களுக்கும் ஒரு நாள் கட்டிப் பார்க்கலாமா?" என்றார்.

"அவருக்கு நான் பார்த்துக்கிறேன்" என்றார் அத்தை. கைப்பையிலிருந்து கரண்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு. முதல் பயிற்சி."